மாரோடு அணைத்த சிலேட்டு

திருவொற்றியூர்க் குப்பத்தில் பச்சையம்மாவிடம் பேரம் பேசி ஜெயித்தவர்கள் கிடையாது. மீன்கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு வண்ணாரப்பேட்டை வரைக்கும் நடந்து, கூடையைக் காலி செய்துவிட்டுத்தான் திரும்புவாள். வாய் அப்படி. அந்த வாயும் ஒரு நேரத்தில் மட்டும் அடங்கிக் கிடந்தது. சாயங்காலம் நாலரை மணிக்கு வலைக் கொட்டகையில் பாடம் ஆரம்பித்தால், ஆறு மணிக்கு வாத்தியார் சைக்கிளை எடுக்கிறவரை அவளிடமிருந்து சத்தமே வராது. ஓலைத் தட்டிக்கு வெளியே மணலில் உட்கார்ந்து, காய்ந்த நெத்திலியில் தூசி பொறுக்கியபடி, உள்ளே நடப்பதை ஒன்று விடாமல் கேட்டுக்கொண்டிருப்பாள்.

உள்ளே பன்னிரண்டு மாணவர்கள். பன்னிரண்டு பேருக்கும் மீசை உண்டு. இரண்டு பேருக்கு அது நரைத்தும் போயிருந்தது. ஐம்பத்தாறாம் வருஷம் அது. கட்டுமரக்காரர்களுக்கு சர்க்கார் மோட்டார் படகு தரப்போகிறது என்ற பேச்சு கிளம்பி, அதிசயமாக உண்மையாகவும் ஆகிவிட்டது. ஆனால் படகை ஓட்டப் போகிறவனுக்கு எழுதப் படிக்கத் தெரிய வேண்டும், கரையின் படம் வரையத் தெரிய வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அதனால்தான் பச்சையம்மாவின் புருஷன் பொன்னுரங்கம் நாற்பத்திரண்டு வயதில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அ, ஆ எழுதினான்.

வாத்தியார் சௌக்கத் அலிக்கு இருபத்து நாலு வயது. வண்ணாரப்பேட்டைக்காரன். பகலில் அங்கே சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிவிட்டு, சாயங்காலம் சைக்கிளில் குப்பத்துக்கு வருவான். முதல் நாள் அவன் வந்து நின்றபோது, "இன்னாடா இது, காத்தடிச்சா பறந்து பூடுவான் போலக் கீது" என்று லட்சுமணன் எல்லாருக்கும் கேட்கும்படியே சொன்னான். லட்சுமணன் அந்த வகுப்பின் வாயாடி. ஆனால் சிலேட்டில் எழுத்து விழுந்ததும் அவனுடைய வாயும் மூடிக்கொண்டது. ஆளுயரச் சுறாவை இழுத்துக் கட்டுமரத்தில் போடுகிற பன்னிரண்டு பேரும், சிலேட்டை மாரோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். ஒருத்தனைத் தவிர யாரும் காட்டவில்லை. காட்டிய ஒருவனின் எழுத்தைப் பார்த்து இன்னொருவன் சிரிக்க, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு இரண்டு பேரும் எழுந்துவிட்டார்கள்.

சௌக்கத் அலி குறுக்கே போய் நின்றான். "அண்ணே, உக்காருங்க. எல்லாரும் கேளுங்க. இங்க யாரும் சிலேட்டைத் தூக்கிக் காட்ட வேணாம். நானே உங்ககிட்ட வர்றேன். எனக்கு மட்டும் காட்டுங்க. நீங்க எழுதினது உங்களுக்கும் எனக்கும் நடுவுல. மூணாவது ஆளுக்குத் தெரியாது."

சொன்னபடியே செய்தான். ஒவ்வொருவர் பக்கத்திலும் மணலில் முட்டி போட்டு உட்காருவான். சிலேட்டு மாரைவிட்டு ஒரு சாண் விலகும். அவன் பார்த்துவிட்டுக் காதோடு ஏதோ சொல்வான். அழிப்பார்கள், மறுபடி எழுதுவார்கள். ஒரு மாதத்தில் எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். நாலு மாதத்தில் லட்சுமணன் பஸ்ஸின் பலகையை எழுத்துக் கூட்டிப் படித்த சந்தோஷத்தில், அந்த பஸ்ஸில் ஏறாமலே திரும்பி வந்தான்.

"அந்தப் புள்ள இன்னா சொல்றான் தெர்யுமா?" என்று பொன்னுரங்கம் சோற்றைப் பிசைந்துகொண்டே பெண்டாட்டியிடம் சொன்னான். "'நீங்க தப்பா எழுதல, அவசரமா எழுதிட்டீங்க'ன்றான். என்னிய வாங்க போங்கன்றான். ஆபீசு வாசல்ல பியூன்கூட என்னிய வாடானுதான் கூப்டுவான், பச்ச."

"அதான் தலைக்கு எண்ண வச்சி சீவிகினு போறியா?" என்றாள் பச்சையம்மா. உள்ளுக்குள் அவளுக்கு ரொம்பப் பெருமை.

இப்படி எல்லாம் சோக்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்தத் திங்கட்கிழமை வந்தது.

"அடுத்த வாரம் அதிகாரி வர்றார்" என்றான் சௌக்கத் அலி. "கரைப் படம் கட்டாயம் கேப்பார். நீங்க கடல்ல இருக்கும்போது கரையில எதெது கண்ணுக்குத் தெரியும்? எதைப் பாத்து எங்க போறீங்க? அப்படியே வரைங்க."

பலப்பங்கள் கிறீச்சிட்டன. பொன்னுரங்கமும் வரைந்தான்.

அவன் என்ன வரைந்தான் என்பதைச் சொல்வதற்கு முன்னால் ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். கடலுக்கு அடியில் பாறை கிடக்கும் இடத்துக்குப் பார் என்று பேர். அங்கேதான் சங்கரா மீனும் கலவா மீனும் கூடும். மேலே தண்ணீரைப் பார்த்தால் எல்லா இடமும் ஒன்றுதான். அதனால் கரையைப் பார்த்து இடம் பிடிப்பார்கள். கோயில் கோபுரத்தின் உச்சி கரையோரத்து ஒற்றைப் பனைக்கு நேராக வர வேண்டும். அதே சமயம் தீப்பெட்டிக் கம்பெனியின் புகைக்கூண்டு உப்புக் கிடங்கின் கூரை முனைக்கு நேராக வர வேண்டும். இரண்டும் ஒருசேரப் பொருந்துகிற இடத்தில் தூண்டிலை விட்டால் மீன். ஒவ்வொரு குடும்பத்துக்கும் இப்படி ஒரு பார் உண்டு, அதற்கு வேறு வேறு அடையாளங்கள் உண்டு. அப்பன் மகனைக் கடலுக்கு அழைத்துப்போய் அங்கேதான் காட்டுவான். கரைக்கு வந்தபின் அதைப் பற்றி வாய் திறப்பது கிடையாது. பெண்டாட்டிக்குக்கூடச் சொல்வது வழக்கமில்லை. இருபது வருஷமாக அந்தப் பாரின் மீனைத் தெருத்தெருவாக விற்றும், அது எங்கே இருக்கிறது என்று பச்சையம்மாவுக்குத் தெரியாது.

அதைத்தான் பொன்னுரங்கம் வரைந்தான். கோபுரம், பனை, புகைக்கூண்டு, கூரை, இரண்டு கோடு, கோடுகள் சேருமிடத்தில் ஒரு புள்ளி. வாத்தியார் கேட்டுவிட்டார், வாத்தியாருக்கு மட்டும்தான் காட்டப் போகிறோம். அவன் மனசில் வேறு கள்ளம் இல்லை.

சௌக்கத் அலி முட்டி போட்டுப் பார்த்தான். பார்த்தவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சிலேட்டைக் கையில் வாங்கினான், எழுந்தான், வகுப்பு முழுவதுக்கும் திருப்பிப் பிடித்தான்.

"பாருங்க! எல்லாரும் பாருங்க! படம்னா இதான் படம்! இந்த ரெண்டு கோடும் எங்க வந்து சேருது பாத்தீங்களா?"

பார்த்தார்கள். பதினோரு ஜோடிக் கண்களும் பார்த்தன. கடலிலேயே பிறந்து வளர்ந்த கண்களுக்கு ஒரு தடவை பார்த்தால் போதாதா? பலப்பங்கள் கீழே இறங்கின. வெளியே பச்சையம்மாவின் கை நெத்திலியில் அப்படியே நின்றுவிட்டது. புருஷனின் முகத்தைத் தட்டியின் இடுக்கு வழியாக அவள் பார்த்தாள். ஐயோ, அந்த முகத்தை அவள் அதற்குமுன் பார்த்ததே இல்லை.

பொன்னுரங்கம் எழுந்து போய் சிலேட்டை வாங்கினான். தோள் துண்டால் அழுத்தித் துடைத்தான். மணலில் வைத்துவிட்டு வெளியே நடந்துவிட்டான். அண்ணனுக்குக் கூச்சம் என்று நினைத்து வாத்தியார் சிரித்துக்கொண்டிருந்தான், பாவம்.

மறுநாள் விடியற்காலையில் பொன்னுரங்கமும் அவன் அண்ணன் மாரியப்பனும் மரம் தள்ளிப் போனபோது, அவர்கள் பாரின்மேல் ஏற்கெனவே ஐந்து கட்டுமரங்கள் நின்றன. முதல் மரம் லட்சுமணனுடையது. மூன்று நாளும் அதே கதை. அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் அரைக்கூடை மீன்கூடத் தேறவில்லை.

மாரியப்பன் மூன்று நாள் பொறுத்தான். நாலாம் நாள் வீட்டு முற்றத்தில் வெடித்தான்.

"நைனா சாவற நேரத்துலகூட வாயத் தொறந்து சொல்லாத எடம்டா அது! நீ இன்னா பண்ணே? சிலேட்டுல எயுதி ஊருக்கே காட்டிட்டு வந்துகிறே! படிக்கப் போறானாம், படிக்க!"

"நான் ஊருக்குக் காட்டலண்ணே."

"பின்ன யாரு காட்டனது?"

வாத்தியார்மேல் பழி போடப் பொன்னுரங்கத்துக்கு நாக்கு எழவில்லை.

"இனிமே ஒன்கூட நமக்கு ஒத்து வராது" என்றான் மாரியப்பன். "மரத்தப் பிரிச்சிடலாம். ரெண்டு கட்ட ஒனக்கு, ரெண்டு கட்ட எனக்கு. வர்ற அமாவாசையோட முடிஞ்சிது."

நாலு கட்டையைச் சேர்த்துக் கட்டினால்தான் அது மரம். இரண்டு கட்டையை வைத்துக்கொண்டு அடுப்புதான் எரிக்கலாம். பொன்னுரங்கம் பாடத்துக்கும் போகவில்லை. வாசலில் வலையை மடியில் போட்டுக்கொண்டு, கிழியாத இடத்தையும் தைத்துக்கொண்டிருந்தான். பச்சையம்மா கூடையை எடுத்தாள். நேரே வண்ணாரப்பேட்டைக்கு நடந்தாள்.

சௌக்கத் அலியின் அம்மா ரஹீமுன்னிசா அவளுடைய பழைய வாடிக்கை. கதவைத் திறந்து, "வா பச்சையம்மா, இன்னிக்கு இன்னா மீனு?" என்றாள்.

"மீனு இல்ல பூபூ. ஒம் புள்ளயாண்ட ரெண்டு வார்த்த கேக்கணும், கூப்டு."

சௌக்கத் அலி பனியனோடு வெளியே வந்தான். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "வாங்கக்கா. அண்ணன் ஏன் மூணு நாளா வரலே? உடம்பு சரியில்லியா? அவ்ளோ அருமையாப் படம் வரைஞ்சிட்டு..."

"அருமையா வரைஞ்சிதுன்னுதான் எங்க வூட்டுச் சோத்துல மண்ணப் போட்டியா?"

அவனுக்கு ஒன்றுமே புரியவில்லை. அவள் சொன்னாள். பாரைச் சொன்னாள், ஐந்து மரத்தைச் சொன்னாள், மாரியப்பன் கட்டையைப் பிரிக்கப் போவதைச் சொன்னாள். தெருவில் போனவர்கள் நின்று கேட்டுவிட்டுப் போனார்கள். அதைப் பற்றி அவள் கவலைப்படவில்லை.

"நான் பாராட்டத்தான்க்கா செஞ்சேன்" என்றான் அவன். "தப்பா எழுதினாத்தான் மறைக்கணும்னு நெனச்சேன்..."

"ஒங்கம்மா பொட்டிச் சாவிய எங்க ஒளிச்சி வெச்சிகிதுன்னு எனக்குத் தெரிஞ்சா, 'ஆகா, எம்மாஞ் சோக்கா ஒளிச்சி வெச்சிகிறாங்க பாரு'ன்னு நான் தெருவுல நின்னு கூவலாமா வாத்யாரே? நீ இன்னா சொன்னே? ஒனக்கும் அவுருக்கும் நடுவுலன்னே. அந்த ஆளு நம்புனாரு. எங்கிட்டகூட காட்டாதத ஒன்கிட்ட காட்னாரு. அதான் எனக்கு வவுறு எரியுது."

சௌக்கத் அலி வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். ரஹீமுன்னிசா மகனை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய், பச்சையம்மாவுக்கு ஒரு லோட்டா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

அன்று சாயங்காலம் வாத்தியார் முதலில் கொட்டகைக்குப் போகவில்லை. பொன்னுரங்கத்தின் வாசலில் வந்து சைக்கிளை நிறுத்தினான்.

"அண்ணே, என் மேலதான் தப்பு. குடுத்த வார்த்தையை மீறிட்டேன்."

பொன்னுரங்கம் வலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. முற்றத்திலிருந்த மாரியப்பன்தான் பேசினான். "இங்க வந்து சொல்லி இன்னா ஆவப் போவுது? எங்க காட்டினியோ அங்க போயி சொல்லு!"

"அங்கதான் போறேன்" என்றான் சௌக்கத் அலி.

பச்சையம்மா நெத்திலி முறத்தை எடுத்துக்கொண்டு அவன் பின்னாலேயே ஓடித் தன் இடத்தில் உட்கார்ந்தாள்.

உள்ளே பதினோரு பேரும் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்கள். வாத்தியார் நின்றபடியே பேசினான். "திங்கக்கிழமை நான் ஒரு திருட்டுப் பண்ணினேன். ஒருத்தர் எனக்கு மட்டும் காட்டினதை எடுத்து உங்க கையில குடுத்தேன். நல்லதோ கெட்டதோ, அவர் எழுதினது அவரோடதுன்னு எனக்குப் புத்தி வரல. அதுக்கு உங்க எல்லார் முன்னாலயும் மன்னிப்புக் கேக்கறேன்."

வாத்தியார் மன்னிப்புக் கேட்டு அவர்களில் யாரும் கண்டதில்லை. லட்சுமணன் நெளிந்தான். "நீ கேக்கறது செரி சார். ஆனா கடல் இன்னா அவுங்க வூட்டு சொத்தா? எவன் வேணா போலாமில்ல?"

"கடல் பொதுதான். நீங்க தேடிக் கண்டுபிடிச்சிருந்தா நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். ஆனா நீங்க அதைக் கடல்ல கண்டுபிடிக்கல, இந்தக் கொட்டகையில கண்டுபிடிச்சீங்க. என் கையால. நாளைக்கு உங்க சிலேட்டையும் நான் இப்படித்தான் தூக்கிப் பிடிப்பேன்னு உங்களுக்குத் தோணலியா?"

லட்சுமணன் தன் சிலேட்டைக் கீழே வைத்தான்.

"தோணிச்சி சார்" என்றான் மெதுவாக. "மூணு நாளா நான் ஒண்ணுமே எயுதல. சும்மா கிறுக்கிகினுதான் குந்திகினு கீறேன்." பிறகு திரும்பி மற்றவர்களைப் பார்த்தான். "ஏம்ப்பா, நம்பளுக்கு வேற எடமா இல்ல? நாளைலேந்து அந்தப் பக்கம் எவனும் போவக் கூடாது. போனா நானே அவன் மரத்தக் கவுத்துடுவேன், ஆமா."

பச்சையம்மா மூச்சை விட்டாள். திரும்பிப் பார்த்தால் பொன்னுரங்கம் அவள் பின்னால் நின்றுகொண்டிருந்தான். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான்.

"உள்ள போயேன்யா."

"பேசறது எல்லாரும் பேசுவாங்க, பச்ச" என்று சொல்லிவிட்டு அவன் திரும்பி நடந்தான்.

மறுநாளிலிருந்து பாரில் வேறு மரம் வரவில்லை. மாரியப்பன் அதற்கும் மசியவில்லை. "நாலு நாளிக்கி இருப்பானுங்க, அப்பால பாரு" என்றான்.

அதிகாரி வந்தார். மூக்குக் கண்ணாடி போட்ட பெரிய மனிதர், கையில் ஒரு கட்டுக் காகிதம். அவர் எழுதுகிற ரிப்போர்ட்டை வைத்துத்தான் படகு. அதை வைத்துத்தான் கொட்டகையும் வாத்தியாரின் அந்த வேலையும். பட்டியலில் பேர் இருந்ததால் பொன்னுரங்கமும் போய்க் கடைசியில் உட்கார்ந்தான். மாரியப்பன் கட்டுமரக் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றான். அன்று அமாவாசை.

படித்தார்கள், கையெழுத்துப் போட்டார்கள். அதிகாரிக்குத் திருப்தி. "கரைப் படம் யார் வரையறீங்க?" என்றார். யாரும் அசையவில்லை. அவரே பட்டியலைப் பார்த்து, "பொன்னுரங்கம்!" என்றார்.

பொன்னுரங்கம் கரும்பலகையில் வரைந்தான். கடலைக் கீழே போட்டு, கரையை மேலே போட்டு, மரத்தில் நின்று பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படியே கோபுரம், பனை, புகைக்கூண்டு, கிடங்கு எல்லாம் வரைந்தான்.

"பேஷ்! கடல்லேர்ந்து பாக்கற மாதிரியே இருக்கே!" என்றார் அதிகாரி. "சரி, மீன் எங்க கிடைக்கும்? அந்த இடத்தைக் குறி."

பொன்னுரங்கம் திரும்பி, சாக்கட்டியை சௌக்கத் அலியிடம் நீட்டினான்.

"எங்க சாருக்குத் தெர்யும். அவுரையே குறிக்கச் சொல்லுங்க."

மனுஷன் என்ன செய்கிறான் என்று தட்டிக்கு வெளியே உட்கார்ந்திருந்த பச்சையம்மாவுக்குப் புரிந்துவிட்டது. அந்தப் பையனின் வேலையைப் பணயம் வைத்து அவனைப் பரீட்சை பண்ணுகிறான்.

சௌக்கத் அலி சாக்கட்டியை வாங்கினான். பொன்னுரங்கத்தை ஒரு தரம் பார்த்தான். சாக்கட்டியை மேசைமேல் வைத்தான்.

"எனக்குத் தெரியும் சார். குறிக்க மாட்டேன்."

"ஏன்?"

"ஒருத்தர் என்னை நம்பி எனக்கு மட்டும் காட்டினது. ஒரு தடவை அதை வெளியில காட்டிட்டேன். இன்னொரு தடவை காட்ட மாட்டேன்."

அதிகாரியின் முகம் சிவந்தது. "நான் யாருன்னு தெரிஞ்சுதான் பேசறியா?"

"தெரியும் சார். நீங்க எப்படி எழுதணுமோ அப்படி எழுதிக்குங்க."

அதிகாரி படக்கென்று திரும்பி லட்சுமணனைப் பிடித்தார். "நீ சொல்லுய்யா. ஒரே குப்பம்தானே?"

லட்சுமணன் எழுந்து நின்று, பலகையைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். "அந்தப் பக்கமா சார்? அங்க மெய்யாலுமே ஒண்ணும் கெடையாது சார். வெறுஞ் சேறு. ஒரு நண்டுகூட வராது."

"எங்க தாத்தா காலத்துலேந்தே அங்க மீனு இல்ல சார்" என்றான் பக்கத்திலிருந்தவன்.

"நான் அந்தப் பக்கமே போனதில்ல சார்" என்றான் அடுத்தவன். மூன்று நாள் கூடை நிறையச் சங்கரா கொண்டுவந்தவன் அவன்.

பதினோரு பேரும் முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு ஒரே பொய்யைச் சொன்னார்கள். வாசலில் ஒரு சிரிப்புச் சத்தம். யாரென்று பார்த்தால் மாரியப்பன்! வாயைப் பொத்திக்கொண்டும் அவனால் அடக்க முடியவில்லை.

அதிகாரி ஒன்றும் ஏமாளி இல்லை. அவர் எல்லார் முகத்தையும் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "எங்க போறோம்னு படகுக்காவது சொல்வீங்களா, அதுவும் கூடாதா?" என்று கேட்டுவிட்டு, "படம் நல்லா இருக்கு. பன்னிரண்டு பேரும் தேர்வு" என்று எழுதினார்.

அவர் போனபிறகு பொன்னுரங்கம் தன் பழைய இடத்தில் போய் உட்கார்ந்தான். சிலேட்டை எடுத்தான். வெகு நேரம் எதையோ வரைந்தான். வரைந்ததை மாரோடு அணைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தான். சௌக்கத் அலி வந்து மணலில் முட்டி போட்டான். சிலேட்டு மாரைவிட்டு ஒரு சாண் விலகியது. பார்த்தவனின் கண் விரிந்தது, வாய் திறக்கவில்லை. உள்ளங்கையால் அதைச் சுத்தமாக அழித்துவிட்டு, சிலேட்டை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பிக் கொடுத்தான்.

பச்சையம்மா வீட்டுக்கு வரும்போது கடற்கரையில் மாரியப்பன் கட்டுமரத்தின் முடிச்சுகளை இறுக்கிக்கொண்டிருந்தான். பிரிக்கவில்லை.

விளக்கு வைத்ததும் புருஷனுக்குச் சோறு போட்டு மீன்குழம்பை ஊற்றினாள். "இன்னாய்யா வரஞ்சி காட்னே வாத்யார்கிட்ட?"

"அது அவுருக்கும் எனக்கும் நடுவுல."

"அடப் பாவி மனுசா! இருவது வருசமா ஒனக்கு ஆக்கிப் போட்டுகினு கீறேன். நடந்து நடந்து எங் காலு தேஞ்சி போச்சி. எனக்கு ஒரு தபா காட்டிகிறியா நீ?"

பொன்னுரங்கம் நிமிர்ந்து பார்த்தான். "நீ ஒரு தபாகூட கேக்கலியே, பச்ச."

ஊரையே பேசி ஜெயிக்கிறவள் கரண்டியைக் கையில் பிடித்தபடி நின்றாள்.

"இப்ப கேக்கறேன்" என்றாள்.

அவன் இடது கையால் அடுப்பங்கரைச் சாம்பலைக் கொஞ்சம் இழுத்துப் பரப்பினான். விரலால் ஒரு கோபுரம் போட்டான், ஒரு பனை, ஒரு புகைக்கூண்டு, ஒரு கூரை. இரண்டு கோடு இழுத்தான். கோடுகள் சேருமிடத்தில் விரலை அழுத்தினான்.

பச்சையம்மா குனிந்து நன்றாகப் பார்த்துக்கொண்டாள். பிறகு உள்ளங்கையால் சாம்பலைச் சுத்தமாக அழித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, அவன் தட்டில் இன்னொரு துண்டு மீன் போட்டாள்.